உடல் பருமன்: பழி யாருக்கு, செலவு யாருக்கு?

2025ஆம் ஆண்டில் உடல் பருமன் இந்திய அரசியல் மேடையேறியது. ஜனவரி 28 அன்று டேராடூனில் தேசிய விளையாட்டுப் போட்டிகளைத் தொடங்கிவைத்த பிரதமர் நரேந்திர மோடி, நாட்டில் பருமன் கூடிவருவதைப் பற்றி எச்சரித்தார். பிப்ரவரி 23 ‘மனதின் குரல்’ உரையில், வீட்டுக்கு வீடு சமையல் எண்ணெயைப் பத்து சதவீதம் குறைக்கச் சொன்னார். ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையிலும் அதே கவலையைப் பேசினார். இவை நல்லெண்ணத்தோடு சொன்ன அறிவுரைகள்.

அதே ஆண்டில் வேறு குரல்களும் கேட்டன. மார்ச் மாதம் காங்கிரஸ் செய்தித் தொடர்பாளர் ஷமா முகமது, கிரிக்கெட் அணித் தலைவர் ரோகித் சர்மா விளையாட்டு வீரருக்குரிய உடலோடு இல்லை, குண்டாக இருக்கிறார் என்று எழுதினார். கட்சி கைகழுவியது, பதிவும் நீக்கப்பட்டது. அடுத்த வாரமே சாம்பியன்ஸ் கோப்பை இறுதியாட்டத்தில் ரோகித் ஆட்டநாயகன் ஆனார். நவம்பரில் சென்னையில் ‘அதர்ஸ்’ படத்தின் செய்தியாளர் சந்திப்பில், நடிகை கௌரி கிஷனின் உடல் எடையைப் பற்றி எழுப்பிய கேள்வியைச் செய்தியாளர்கள் சிலர் நியாயப்படுத்தப் பார்த்தார்கள். அவர் அங்கேயே எதிர்த்து நின்றார். திரைத்துறைச் சங்கங்கள் அவர் பக்கம் நின்று கண்டித்தன.

அறிவுரையும் ஏளனமும் வெவ்வேறு இடத்தில் பிறந்தாலும், தெருவுக்கு வரும்போது இரண்டும் கலந்துவிடுகின்றன. ‘உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்’ என்று தொடங்கும் பேச்சு, ‘வாயைக் கட்டத் தெரியாதவங்களாலதான் இவ்வளவு ஆஸ்பத்திரிச் செலவு’ என்று முடிகிறது. இந்தக் கடைசி வரிக்கு ஒரு பொருளாதார வாதத்தின் தோற்றம் உண்டு: பருமனானவர்களின் நோய்க்கான செலவை மற்றவர்கள் சுமக்கிறார்கள், ஆகவே அவர்களைக் கண்டிக்கச் சமூகத்துக்கு உரிமை உண்டு. இந்த வாதம் எவ்வளவு தூரம் உண்மை என்பதை உழைப்பாளர் ஊரான திருப்பூரில் வைத்துப் பார்க்க வேண்டும். பனியன் தொழிலில் சுமார் ஆறு லட்சம் பேர் நேரடியாக வேலை செய்யும் ஊர் அது. ஆண்டுக்கு நாற்பதாயிரம் கோடி ரூபாயை ஒட்டிய ஏற்றுமதி அவர்கள் கையால் நடக்கிறது.

எண்கள் சொல்வது

பருமன் கூடியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 2015-16இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் மிகை எடை அல்லது பருமன் உள்ளவர்கள். 2019-21இல் அது 40.4 சதவீதமாயிற்று. ஆண்களில் 28.2 என்பது 37 ஆனது. அதே இரண்டாவது கணக்கெடுப்பில் அகில இந்திய அளவு பெண்களில் 24, ஆண்களில் 22.9 சதவீதம்தான்.

இங்கே அளவுகோல் உடல் நிறைக் குறியீடு. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது. அந்தக் கணக்கெடுப்பு 25க்கு மேற்பட்டவர்களை மிகை எடையில் சேர்க்கிறது. தெற்காசியருக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோயும் இதய நோயும் வருவதால், இந்திய மருத்துவர்கள் 2009இல் ஒருமித்து எல்லையை 23 ஆகவும் பருமனுக்கு 25 ஆகவும் இறக்கினார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்றும் வகுத்தார்கள். இங்கே வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்புதான் அதிகத் தீங்கு செய்கிறது. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், வயது வந்தோரில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன் என்று அது கண்டது. தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் 14.4 சதவீதம். ஆகவே பருமனால் ஒன்றுமில்லை என்று சொல்வது பொய்யாகும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மாரடைப்பு, மூட்டுத் தேய்மானம், சில புற்றுநோய்கள் எல்லாவற்றுக்கும் அது வழி திறக்கிறது.

ஆனால் எடை இயந்திரத்தில் தெரியும் எண் முழு உண்மையையும் சொல்லாது. 2025 ஜனவரியில் லான்செட் ஆய்விதழ் அமைத்த வல்லுநர் குழு, உடல் நிறைக் குறியீட்டை மட்டும் வைத்து ஒருவரை நோயாளி என்று சொல்லக்கூடாது என்றது. பருமனால் உறுப்புகள் பாதிக்கப்பட்ட நிலையையும், பாதிப்பு இன்னும் வராத நிலையையும் அது பிரித்தது. ஒருவரைப் பார்த்த பார்வையிலேயே நோயைக் கணித்துவிடும் ஊர்ப் பேச்சுக்கு மருத்துவத்தின் ஆதரவு இல்லை.

இன்னொரு எண்ணையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நாற்பது சதவீதத்துக்கு எடை கூடுதல், ஐம்பது சதவீதத்துக்கு மேல் ரத்தம் குறைவு. இரண்டும் சேர்ந்திருக்கும் உடல்கள் ஏராளம். நிறையச் சாப்பிட்டுக் கொழுத்தவர்கள் என்ற சித்திரத்தில் இந்த உடல்கள் அடங்கா. இவை மாவுச்சத்தும் எண்ணெயும் மிகுந்து, பருப்பும் கீரையும் பழமும் முட்டையும் குறைந்த தட்டிலிருந்து வருபவை.

பனியன் ஊரில் எடை ஏறும் வழி

திருப்பூரில் வேலைநேரத்தை மணிக்கணக்கில் சொல்ல மாட்டார்கள், ஷிப்ட் கணக்கில் சொல்வார்கள். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். காலை எட்டரைக்கு ஏறி இரவு எட்டரைக்கு இறங்கினால் ஒன்றரை ஷிப்ட். ஆர்டர் அனுப்பும் நெருக்கடி வந்தால் இரவும் நீளும். பீஸ் ரேட்டில் தைக்கும் டெய்லருக்கு எழுந்து நடக்கும் ஒவ்வொரு நிமிடமும் கூலி நட்டம். ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கர் மெஷின்கள் மோட்டாரில் ஓடுவதால் காலுக்கு மிதி அழுத்தும் அசைவு மட்டுமே மிச்சம். செக்கிங்கிலும் அயர்னிங்கிலும் இருப்பவர்கள் நாளெல்லாம் நின்றபடியே இருக்கிறார்கள். நின்றாலும் உட்கார்ந்தாலும் உடல் அலுக்கிறது. ஆனால் அந்த அலுப்பு, இதயத்தையும் தசையையும் வலுவாக்கும் உடற்பயிற்சி ஆகாது.

அதோடு உணவு நேரம். வீட்டுச் சமையலையும் பிள்ளைகளையும் முடித்துவிட்டு கம்பெனி வண்டியைப் பிடிக்கும் பெண்ணுக்குக் காலைச் சாப்பாடு தவறிப்போகும். பதினொரு மணிக்குச் சர்க்கரை போட்ட டீயும் போண்டாவும், நான்கு மணிக்கு மறுபடி டீயும் பன்னும். இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்பியதும் கிடைப்பது சோறு. இல்லையென்றால் வழியில் வாங்கிய பரோட்டா. வெளிமாநிலங்களிலிருந்து வந்து ஒரே அறையில் ஐந்தாறு பேராகத் தங்கியிருக்கும் இளைஞர்களின் அடுப்பில் சோறும் உருளைக்கிழங்கும் எண்ணெயும்தான். தூக்கம் குறைந்தால் பசியைக் கூட்டும் ஹார்மோன்கள் கூடுகின்றன என்பது மருத்துவம் உறுதி செய்த செய்தி. இரவு ஷிப்ட் வேலையாட்களிடம் பருமனும் சர்க்கரை நோயும் கூடுதலாக இருப்பதையும் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன.

அரசின் கையும் இந்தத் தட்டில் இருக்கிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசி இலவசம், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். பசியை ஒழித்த திட்டம் இது, அதன் பெருமையைக் குறைக்க எனக்கு மனமில்லை. எனினும் அரிசிக்கும் பாமாயிலுக்கும் தரும் இடத்தைப் பயறுக்கும் சிறுதானியத்துக்கும் இன்னும் தரவில்லை. இந்தியர்களின் உணவு ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று 2025இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு சொல்கிறது. காசுக்கு அதிக வயிறு நிறையும் பண்டம் எது என்று கணக்குப் போடும் குடும்பத்திடம், மனக்கட்டுப்பாடு இல்லை என்று குற்றம் சொல்வது நியாயமாகாது.

செலவு யார் தலையில்

இனி அந்தப் பொருளாதார வாதத்துக்கு வருவோம். பருமனின் செலவைப் ‘பிறர்’ சுமக்கிறார்கள் என்பது அதன் மையம்.

எட்டு நாடுகளில் பருமனின் பொருளாதாரச் செலவைக் கணக்கிட்ட ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. 2019ஆம் ஆண்டுக்கு இந்தியாவில் அது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.8 சதவீதம், சவூதி அரேபியாவில் 2.4 சதவீதம். இதில் மருத்துவமனைச் செலவோடு, வேலைக்குப் போக முடியாத நாட்களும், அகால மரணத்தால் போன உழைப்பும் அடங்கும். அதாவது செலவின் பெரும்பகுதி நோயாளியின் வீட்டில்தான் விழுகிறது.

மருத்துவச் செலவிலும் அப்படித்தான். தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, 2021-22இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் நேரடியாகக் கைக்காசு போட்டுக் கட்டியது. 2013-14இல் அது 64.2 சதவீதம். குறைந்திருக்கிறது, உண்மை. இன்னும் பத்தில் நான்கு ரூபாய் சொந்தப் பை. மாதா மாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரை, ரத்தப் பரிசோதனை, புண் ஆறாத காலுக்குக் கட்டு எல்லாம் அந்தப் பையிலிருந்தே போகின்றன. பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு மருத்துவமனை வரிசையில் நின்ற நாளின் கூலியும் போகிறது.

பொதுப் பணத்தின் கணக்கு எங்கே வருகிறது? திருப்பூரில் அது முதன்மையாக இஎஸ்ஐ எனும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம். ஊதியத்தில் தொழிலாளி 0.75 சதவீதமும், முதலாளி 3.25 சதவீதமும் கட்ட வேண்டும். 15,000 ரூபாய் சம்பளமென்றால் தொழிலாளி 112.50, முதலாளி 487.50, ஆக மாதம் 600 ரூபாய். ஒல்லியானவருக்கும் பருமனானவருக்கும், இருபது வயதுக்காரருக்கும் ஐம்பது வயதுக்காரருக்கும் ஒரே விகிதம். யாருக்கு எப்போது எந்த நோய் வரும் என்று தெரியாததால் எல்லோரும் சேர்ந்து போட்டு வைக்கும் பணம் அது. அதில் பங்கு கட்டியவர் சிகிச்சை பெறுவது உரிமை, பிச்சையல்ல. எடையைக் காட்டி அந்த உரிமையைக் கேள்வி கேட்டால், நாளை சாயப்பட்டறையில் மூச்சுத் திணறியவரையும், கழுத்து எலும்பு தேய்ந்த டெய்லரையும் அதே கேள்வி கேட்கும்.

உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. இஎஸ்ஐ பல காலமாகப் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கானது. திருப்பூரின் தையல் வேலையில் பெரும்பங்கு சிறிய ஜாப் ஒர்க் யூனிட்களிலும் காண்ட்ராக்டரின் கீழும் நடக்கிறது. பதிவேட்டில் பெயரில்லாதவருக்குக் காப்பீடு இல்லை. மாத ஊதியம் 21,000 ரூபாயைத் தாண்டினாலும் திட்டத்திலிருந்து வெளியேற வேண்டும். 2017 ஜனவரியில் வைத்த வரம்பு அது. காப்பீட்டு வளையத்துக்குள் இருப்பவருக்கு நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வெளியே இருப்பவருக்குக் கந்துவட்டிதான் கிடைக்கும். நூறு படுக்கை இஎஸ்ஐ மருத்துவமனைக்கு 2019 பிப்ரவரி 10 அன்றுதான் பிரதமர் திருப்பூரில் அடிக்கல் நாட்டினார். பல லட்சம் தொழிலாளர் பங்கு கட்டிய ஊருக்கு அது மிகத் தாமதமாக வந்த ஏற்பாடு.

பருமனானவர்கள் வாழ்நாள் முழுவதற்கும் பொதுச் செலவைக் கூட்டுகிறார்களா என்ற கேள்விக்கு நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2008இல் எதிர்பாராத விடை கண்டார்கள். இருபது வயதிலிருந்து சாகும்வரை ஆகும் மருத்துவச் செலவு பருமனானவருக்குச் சுமார் 2,50,000 யூரோ, நலமாக இருப்பவருக்குச் சுமார் 2,81,000 யூரோ. நலமானவர் நீண்டகாலம் வாழ்ந்து முதுமை நோய்களுக்குச் செலவிடுகிறார் என்பது காரணம். நெதர்லாந்தின் எண்களை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. ஆனால் அந்த ஆய்வு தரும் தெளிவு முக்கியம்: பருமனைத் தடுக்க வேண்டியது மனிதர்கள் நலமாக நெடுங்காலம் வாழ்வதற்காக. பணம் மிச்சப்படுத்துவதற்காக என்று தொடங்கினால், சீக்கிரம் செத்தவரே சிக்கனமானவர் என்ற இடத்தில் போய் நிற்போம்.

பழித்தால் எடை குறையுமா

பழிப்பதை வெளிப்படையாக ஆதரித்த அறிஞர்களும் உண்டு. அமெரிக்க அறவியலாளர் டேனியல் காலஹன் 2013இல், புகைப்பழக்கத்தைச் சமூகக் கண்டனம் குறைத்ததுபோல் பருமனையும் மிதமான கண்டனத்தால் குறைக்கலாம் என்று எழுதினார். கடும் எதிர்ப்பு வந்தது. புகையை அறவே விட்டுவிடலாம், உணவை விட முடியாது. புகை பக்கத்தில் இருப்பவரைக் கெடுக்கும், எடை அப்படிச் செய்யாது.

அந்த ஆண்டே வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நான்காண்டு பின்தொடர்ந்தது. எடையைக் காட்டி இழிவுபடுத்தப்பட்டவர்கள் பிறகு பருமன் அடையும் வாய்ப்பு, மற்றவர்களைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. 2014இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வில், இழிவை அனுபவித்தவர்கள் நான்காண்டில் சராசரியாக 0.95 கிலோ கூடினார்கள், அனுபவிக்காதவர்கள் 0.71 கிலோ குறைந்தார்கள். அவமானம் மன அழுத்தத்தைக் கூட்டுகிறது. பூங்காவுக்கும் மருத்துவமனைக்கும் போகவிடாமல் தடுக்கிறது. 2020இல் பன்னாட்டு வல்லுநர்கள் கூடி, பருமனைப் பழிப்பது நலத்துக்கும் மனித உரிமைக்கும் கேடு என்று கூட்டறிக்கை வெளியிட்டார்கள்.

ஜப்பான் சட்டம் போட்டே முயன்று பார்த்தது. 2008 முதல் 40 வயதிலிருந்து 74 வயது வரை உள்ளவர்களின் இடுப்பை ஆண்டுதோறும் அளக்க வேண்டும். எல்லை தாண்டியவர்களுக்கு ஆலோசனை தர வேண்டும். ஆண்களைப் பற்றி 2020இல் வெளியான மதிப்பீட்டில், எடைக் குறைவு சராசரியாக 0.29 கிலோ மட்டுமே. அதுவும் சில ஆண்டுகளில் மறைந்துவிட்டது. ரத்த அழுத்தத்திலும் சர்க்கரை அளவிலும் முன்னேற்றம் இல்லை.

நம் சினிமா பல தலைமுறையாக இந்தப் பழிப்பைச் சிரிப்பாக்கித் தந்தது. நடிகரின் பெயருக்கு முன்னாலேயே ‘குண்டு’ என்று ஒட்டினோம், மெலிந்தவருக்கு ‘ஓமக்குச்சி’ என்று ஒட்டினோம். அந்தப் பழக்கம் தையல் லைனிலும் உண்டு. பட்டப்பெயருக்கு அஞ்சி மத்தியானச் சாப்பாட்டை மறைத்துச் சாப்பிடும் பெண் சாயங்காலம் பசியில் கூடுதலாகச் சாப்பிடுவாள். மருத்துவரிடம் முதல் வார்த்தையே ‘எடையைக் குறைச்சுட்டு வாம்மா’ என்று கேட்டவள், மூட்டு வலிக்கும் மாதவிடாய்க் கோளாறுக்கும் அடுத்த முறை போகவே மாட்டாள். நோய் முற்றிய பிறகு ஆகும் செலவு பலமடங்கு. செலவைக் குறைப்பதாகச் சொல்லும் பழிப்பே செலவைக் கூட்டுகிறது.

வரியும் ஊசியும்

தனிமனிதரை விட்டுப் பண்டத்தின் மீது கைவைத்த முயற்சிகள் கூடுதல் பலன் தந்துள்ளன. மெக்சிகோ 2014இல் இனிப்புப் பானங்களுக்குச் சுமார் 10 சதவீத வரி போட்டது. முதலாண்டில் விற்பனை சராசரியாக 6 சதவீதமும் ஆண்டிறுதியில் 12 சதவீதமும் சரிந்தது. சிலி 2016இல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பொட்டலங்களில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை அச்சிட வைத்தது. ஆனால் டென்மார்க் 2011இல் கொண்டுவந்த கொழுப்பு வரி, மக்கள் எல்லை தாண்டி ஜெர்மனியில் வாங்கியதால் 15 மாதத்தில் கைவிடப்பட்டது.

நம் அண்டை மாநிலம் கேரளம் 2016இல் பர்கர், பீட்சா விற்கும் பெரிய நிறுவன உணவகங்களுக்கு 14.5 சதவீத வரி விதித்தது. அடுத்த ஆண்டு ஜிஎஸ்டி வந்ததும் அது கரைந்துபோனது. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய ஜிஎஸ்டியில் குளிர்பானங்களுக்கு 40 சதவீதம்; பிஸ்கட், சாக்லேட், பொட்டல மிக்சர் ஆகியவற்றுக்கு 5 சதவீதம். எண்ணெயைக் குறைக்கச் சொன்ன அதே ஆண்டில் பொட்டலத் தீனி மலிவானது.

மருந்தும் வந்திருக்கிறது. 2025 மார்ச்சில் எடையைக் குறைக்கும் ஊசியான மவுஞ்சாரோ இந்தியாவில் அறிமுகமானபோது ஆரம்ப அளவு ஊசி ஒன்று 3,500 ரூபாய். வாரம் ஒன்று வீதம் மாதம் 14,000. இஎஸ்ஐ ஊதிய உச்சவரம்பில் மூன்றில் இரண்டு பங்கு அது. விலை இறங்கினாலும், தையல்காரரின் வேலைநேரத்தை எந்த ஊசியும் குறைக்காது.

திருப்பூர் செய்யக்கூடியவை

முதலாவது நேரம். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேற்றியது. எதிர்ப்பு வலுக்கவே மே நாளன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். திருப்பூரின் ஒன்றரை ஷிப்ட் மட்டும் திரும்பப் பெறப்படவில்லை. எட்டு மணி நேரத்தில் வாழப் போதுமான கூலி கிடைத்தால்தான் நடக்கவும் தூங்கவும் சமைக்கவும் நேரம் கிடைக்கும்.

இரண்டாவது தட்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் கேட்டது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை நூறு பேராக இறக்கியுள்ளது. சுண்டல், முட்டை, கீரை, மோர் கிடைக்கும் கேன்டீனுக்கு ஆகும் செலவு, ஆர்டர் கமிஷனில் தூசி. தீயணைப்பு வழியையும் வேலைநேரப் பதிவையும் சோதிக்கும் வெளிநாட்டு பையர்கள் இதையும் சேர்த்துச் சோதிக்கட்டும்.

மூன்றாவது பரிசோதனை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மருந்துகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனது. 2024இல் அது தொழிற்சாலை வாசலுக்கும் விரிந்தது. அதை ஜாப் ஒர்க் யூனிட் வரை கொண்டுபோக வேண்டும். பகல் முழுக்க வீட்டில் இல்லாத தொழிலாளிக்கு வேலையிடம்தான் வாசல். நாற்பது வயதுக்கு மேற்பட்டோருக்கு ஆண்டுக்கொரு முறை இலவசப் பரிசோதனை முதலாளியின் கடமை என்கிறது புதிய சட்டம். அதில் எடுக்கும் எடையும் இடுப்பளவும் மருத்துவருக்கும் தொழிலாளிக்கும் மட்டும் தெரிய வேண்டும், சூப்பர்வைசருக்குத் தெரியக்கூடாது. எடையைக் காட்டி வேலை மறுப்பது குற்றமாக வேண்டும்.

நான்காவது காப்பீடு. பத்துப் பேருக்குக் குறைந்த யூனிட்களையும் இஎஸ்ஐ வளையத்துக்குள் கொண்டுவந்து, 21,000 ரூபாய் வரம்பை உயர்த்த வேண்டும். ஐந்தாவது ரேஷன். பாமாயிலின் பக்கத்தில் பயறும் சிறுதானியமும் நிலக்கடலையும் அதே மானியத்தில் கிடைக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், காசில்லாமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பக்கத்து மெஷினில் இருப்பவரை, வீட்டுப் பிள்ளையை, மேடையில் நிற்பவரை எடையை வைத்துக் கேலி செய்வதை நிறுத்துங்கள். அக்கறை இருந்தால் மருத்துவமனைக்குத் துணைக்குப் போங்கள், சாயங்காலம் சேர்ந்து நடங்கள், ஓவர்டைமைக் குறைக்கச் சங்கத்தோடு சேர்ந்து கேளுங்கள். பருமன் நோய்க்கு வழி திறக்கும் என்பது உண்மை. அதற்கான பொறுப்பைத் தொழிலாளியின் உடல் மீது மட்டும் சுமத்துவது அநீதி. கண்டனம் வேண்டுமென்றால் அது கூலியையும் வேலைநேரத்தையும் வரியையும் நோக்கித் திரும்பட்டும்.